குடல் நலமும் குழந்தையின் எதிர்ப்பாற்றலும்: புரோபயாட்டிக் பொடி தேவைதானா?

மதுரை மலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து சளியும் இருமலும் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கின்றன; சில முறை ஆன்டிபயாட்டிக் மருந்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. மருந்து கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு இளகிப் போகிறது. இதைச் சொன்னதும் மருந்துக் கடைக்காரர் புரோபயாட்டிக் (உடலுக்கு நல்லது எனப்படும் உயிருள்ள நுண்ணுயிரிகள்) பொடி உறைகளை எடுத்துக் கொடுத்து, குடல் சரியாகிவிட்டால் எதிர்ப்பு சக்தி தானாகக் கூடிவிடும், சளியும் நின்றுவிடும், மூன்று மாதம் விடாமல் கொடுங்கள் என்றார். என் மாமியாரோ, காலையில் பழைய சோறும் தயிரும் கொடுத்தால் போதும், காசைக் கரியாக்காதே என்கிறார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில், எதிர்ப்பு சக்தியில் 70 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது என்றும், நம் உடலில் உள்ள செல்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியா குடலில் வாழ்கிறது என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. குடலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள உறவு எந்த அளவுக்கு உறுதியாகத் தெரிந்தது, அதில் எவ்வளவு விளம்பரம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. உறவு உண்மையானது, ஆனால் மருந்துக் கடையில் உங்களுக்குச் சொல்லப்பட்ட வடிவில் அது இல்லை. வாட்ஸ்அப் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். பத்து மடங்கு என்ற கணக்கு பழையது. 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் திரும்பக் கணக்கிட்டபோது, சராசரி மனிதரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்களும் கிட்டத்தட்ட அதே அளவு மனிதச் செல்களும் இருப்பதாகத் தெரிந்தது. அத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடையும் 200 கிராம் அளவுதான். 70 விழுக்காடு என்பதைத் துல்லியமான அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடலைச் சார்ந்து இருக்கிறது என்ற அளவில் சரி.

அவை ஏன் அங்கே குவிந்திருக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. குடலின் உட்சுவர் ஒற்றைச் செல் அடுக்கால் ஆனது. அந்தச் செல்களும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. இவ்வளவு மெல்லிய சுவருக்கு ஒரு பக்கம் உணவும் கிருமிகளும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும், மறுபக்கம் இரத்த ஓட்டம். பெருங்குடலில் இந்தச் சுவரின் மேல் சளிப்படலம் இரண்டு அடுக்காகப் படிந்திருக்கிறது. வெளி அடுக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, சுவரை ஒட்டிய உள் அடுக்கில் அவை அநேகமாக இருப்பதில்லை. சிறுகுடலில் பேயர் திட்டுகள் எனப்படும் நிணநீர்த் திசுக்கள் ஆங்காங்கே அமைந்துள்ளன. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் கான்ராட் பேயர் 1677-இல் விவரித்ததால் அந்தப் பெயர். அவற்றின் மேற்பரப்பில் உள்ள சிறப்புச் செல்கள், குடலில் ஓடும் பொருள்களிலிருந்து சிறு மாதிரிகளை உள்ளே இழுத்து எதிர்ப்புச் செல்களிடம் ஒப்படைக்கின்றன. எது உணவு, எது தீங்கற்ற பாக்டீரியா, எது கிருமி என்று அங்கே பிரித்தறியப்படுகிறது. அதன் பின் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான பி செல்கள் ஐஜிஏ எனப்படும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. ஒரு நாளைக்குச் சில கிராம் அளவில் குடலுக்குள் வெளியாகும் இந்தப் புரதம், பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை. சுவரில் ஒட்டவிடாமல் சூழ்ந்துகொண்டு வெளியேற்றுகிறது.

இந்த ஏற்பாடு பாக்டீரியாக்கள் இல்லாமல் முழு வளர்ச்சி அடைவதில்லை. நுண்ணுயிரி எதுவும் அண்டாத தூய கூண்டுகளில் பிறந்து வளரும் ஆய்வக எலிகளுக்குப் பேயர் திட்டுகள் சிறுத்திருக்கும், ஐஜிஏ மிகக் குறைவாக இருக்கும். அவற்றின் குடலில் பாக்டீரியாக்களைக் குடியேற்றினால் குறைபாடு பெருமளவு சரியாகிறது. மேலும், நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட் பெருங்குடல் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். அதுவே, அழற்சியை (எதிர்ப்புச் செல்களின் வேலையால் திசு சிவந்து வீங்குவதை) கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் பெருகவும் உதவுகிறது என்று 2013-இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின.

ஆகவே குடல் பாக்டீரியாக்கள் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. எங்கே எதிர்க்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று அதைப் பழக்குகின்றன. அடக்கும் வேலையும் அதில் பாதி. கூட்டுவது மட்டுமே நல்லது என்றால், எதிர்ப்பு அளவு மீறிக் குடல் அழற்சி நோயால் துன்பப்படுபவர்களும் ஒவ்வாமையால் அவதிப்படுபவர்களும்தான் உலகிலேயே நலமானவர்களாக இருக்க வேண்டும்.

சமுதாய மருத்துவம், வேலூர்

ஆசிரியர் சொன்ன இயங்குமுறைக்குச் சான்றாக, எலிகளை விட்டு நம் ஊர்க் குழந்தைகளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். குடலின் நிலை எதிர்ப்பாற்றலை எப்படிப் பாதிக்கிறது என்பதை உலகுக்கு முதலில் உணர்த்திய இடங்களுள் ஒன்று வேலூர்.

வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து, உயிருள்ள ஆனால் வலுக்குறைந்த வைரஸைக் கொண்டது. அது குடலில் பெருகினால்தான் எதிர்ப்பு உருவாகும். மேலை நாடுகளில் மூன்று தவணை கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பு உண்டாயிற்று. 1970-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் டி. ஜேக்கப் ஜானும் அவருடன் பணியாற்றியவர்களும், இங்குள்ள குழந்தைகளில் பலருக்கு அதே மூன்று தவணைக்குப் பிறகும் போதிய எதிர்ப்பு வரவில்லை என்று கண்டறிந்தார்கள். பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ஒரு தவணைக்கு முதல் வகைப் போலியோவிலிருந்து கிடைத்த பாதுகாப்பு அங்கே 9 விழுக்காடு அளவே என்று 2006-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நாம் அடுத்தடுத்து முகாம்கள் நடத்தி, ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்ததற்கு இதுவே காரணம். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசிப் போலியோ.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் இதே கதை. ஐரோப்பாவில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பத்தில் ஒன்பது என்ற அளவில் தடுத்த தடுப்பு மருந்துகள், ஆப்பிரிக்காவின் மலாவியில் பாதியளவே தடுத்தன. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்த நம் நாட்டுத் தயாரிப்பான ரோட்டாவாக் முதல் ஆண்டில் 56 விழுக்காடு அளவில் பாதுகாப்பு அளித்ததாக 2014-இல் முடிவு வெளியானது. விழுக்காட்டைக் கண்டு குறைவாக நினைக்க வேண்டாம். நோய் மிகுந்த நாட்டில் அதுவே ஏராளமான உயிர்களைக் காக்கிறது.

இடைவெளிக்கான காரணங்களாகச் சொல்லப்படுபவை பல. தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் புரதங்கள் சொட்டு மருந்து வைரஸைச் செயலிழக்கச் செய்யலாம். குடலில் ஏற்கெனவே இருக்கும் வேறு வைரஸ்கள் இடம்பிடித்துக்கொள்ளலாம். அசுத்தமான தண்ணீரும் கழிப்பிடக் குறைவும் உள்ள சூழலில் வளரும் குழந்தைகளின் சிறுகுடலில், வெளியே நோயாகத் தெரியாத ஓர் அழற்சி நீடிக்கிறது. குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகின்றன, சத்து ஏறுவதில்லை, எதிர்ப்பும் சரியாக உருவாவதில்லை என்பது இன்னொரு விளக்கம். அப்படியானால் குடலைச் சுத்தம் செய்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தால் என்ன? அதையும் வேலூரில் செய்து பார்த்தார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு முன்பாகக் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது, குடலில் நோய் தரும் பாக்டீரியாக்கள் குறைந்தன; அழற்சியின் அடையாளங்களும் சற்றுக் குறைந்தன; சொட்டு மருந்தால் உண்டாகும் எதிர்ப்பு மட்டும் கூடவில்லை. 2016-இல் வெளியான இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால், குடலில் எதையோ கூட்டி எதையோ குறைத்தால் எதிர்ப்பாற்றல் சீராகிவிடும் என்று சொல்லும் எவரும் முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுபக்கத்தில், ஒடிசாவின் கிராமங்களில் நடந்த ஆய்வைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அங்கே பிறந்து சில நாட்களே ஆன 4,556 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டேரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட இரகத்தையும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையையும் ஏழு நாட்கள் மட்டும் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் அல்லது இறப்பு, மற்றப் பிரிவில் 9 விழுக்காடாகவும் இந்தப் பிரிவில் 5.4 விழுக்காடாகவும் இருந்தது. மூச்சுக்குழாய்த் தொற்றுகளும் குறைந்தன. 2017-இல் வெளியான இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவை 35 வாரங்களுக்குக் குறையாமல், இரண்டு கிலோவுக்குக் குறையாமல் பிறந்து, தாய்ப்பால் குடித்துவந்த குழந்தைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். குடலில் இன்னும் எந்தக் கூட்டமும் நிலைபெறாத பருவம் அது. நான்கு வயதுக் குழந்தையின் குடலோ ஏற்கெனவே குடியேறிய ஊர். அங்கே புதிதாக வருபவருக்கு எளிதில் மனை கிடைப்பதில்லை.

தஞ்சைக் கதிர்

மேலே எழுதியவர்களுக்கு மரியாதையுடன் ஒரு சொல். நம் முன்னோர் நீராகாரத்தையும் மோரையும் இட்லியையும் உண்டே திடமாக வாழ்ந்தார்கள். அவற்றில் இல்லாத நல்ல பாக்டீரியாவா இந்தப் பொடி உறையில் இருக்கிறது? சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில்கூடக் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோற்றைக் கொடுத்து ஆராய்ந்தார்கள் என்று நாளிதழ்களில் வந்தது. சகோதரி தன் மாமியாரின் பேச்சைக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து.

நுண்ணுயிரியல் ஆசிரியர்

மாமியார் சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், கதிர் ஐயா. ஆனால் அந்த மூன்று உணவுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் லியூக்கோனாஸ்டாக் போன்ற லாக்டிக் பாக்டீரியாக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஆவியில் வெந்து தட்டுக்கு வரும்போது அவற்றில் உயிருள்ளவை அநேகமாக மிஞ்சுவதில்லை. புளித்ததால் செரிமானம் எளிதாகலாம், சத்து உடலில் ஏறுவது கூடலாம். உயிருள்ள பாக்டீரியா கிடைக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. கொதிக்கவைத்த மோர்க்குழம்புக்கும் இதே விதி. ஆறிய சோற்றில் பிசைந்த தயிருக்கும், தாளித்ததை ஆறவிட்டுக் கலந்த நீர்மோருக்கும் இந்தக் குறை இல்லை.

பழைய சோற்றில் இரண்டு நன்மைகள் சேர்ந்திருக்கின்றன. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு அது தீனி. இரவு முழுவதும் நீரில் ஊறும்போது லாக்டிக் பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. வடித்த சோற்றை நீர் ஊற்றாமல் வெப்பமான அடுக்களையில் மணிக்கணக்கில் விட்டுவைத்தால், பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகி நஞ்சைச் சுரக்கலாம். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சோறு ஆறியவுடன் நல்ல நீரில் முழுவதும் மூழ்கும்படி ஊறவைத்து, காலையிலேயே உண்டுவிட வேண்டும். வழவழப்போ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிட வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ணக் கூடாது.

புளித்த உணவைப் பற்றி மனிதர்களிடம் செய்த ஆய்வும் உண்டு. 2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நலமான 36 பேரை இரு குழுக்களாகப் பிரித்துப் பத்து வாரம் கண்காணித்தார்கள். தயிர், கெஃபிர் (புளித்த பால்), கிம்ச்சி (புளித்த காய்கறி) முதலிய புளித்த உணவுகளை நிறைய உண்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டி உண்டவர்களிடம் அந்தக் காலத்துக்குள் வகைகள் பெருகவில்லை. சிறிய ஆய்வு, பெரியவர்களிடம் செய்தது. சளி குறைந்ததா என்று அதில் பார்க்கவில்லை. நார்ச்சத்து வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் கூடாது: நார்ச்சத்தே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில், பசித்த பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதை 2016-இல் கண்டிருக்கிறார்கள்.

மதுரை மலர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது வயிறு போவதற்காவது அந்தப் பொடி உதவுமா? மருந்து முடிந்த பின்பும் மாதக்கணக்கில் தொடர வேண்டுமா? சளி அடிக்கடி வருவதை எதிர்ப்பாற்றல் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் போதும்.

குழந்தை நல மருத்துவர்

முதல் கேள்விக்கு, உதவக்கூடும் என்பதே பதில். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றிக் குழந்தைகளிடம் செய்யப்பட்ட 33 ஆய்வுகளை 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது; புரோபயாட்டிக் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. ஆனால் எந்தப் பொடியும் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. ஓரளவு வலுவான சான்று உள்ளவை லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற பாக்டீரியா, சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் ஆகிய இரண்டே. அவையும் நாளொன்றுக்கு 500 கோடிக்குக் குறையாத அளவில், மருந்து தொடங்கும்போதே கொடுக்கப்பட வேண்டும். உங்களிடம் உள்ள உறையைத் திருப்பிப் பாருங்கள்: பாக்டீரியாவின் பெயரோடு இரகத்தின் குறியீடும், ஓர் உறையில் உயிருள்ளவை எத்தனை என்ற எண்ணிக்கையும் அச்சிடப்பட்டிருக்கிறதா? "நல்ல பாக்டீரியா" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சாதாரண வயிற்றுப்போக்குக்கு இந்தப் பரிந்துரையை நீட்டிக்க வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், திடீர் வயிற்றுப்போக்குடன் வந்த குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்ததில் பயன் இல்லை என்று 2018-இல் காட்டின. அதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும்தான் மருந்து. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் துத்தநாகம், 10 முதல் 14 நாள் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெடுநாள் பரிந்துரையாக இருந்தது.

மருந்து முடிந்த பின் மாதக்கணக்கில் தொடர்வதை நான் பரிந்துரைப்பதில்லை. நலமான பெரியவர்களுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கொடுத்து, அதன் பின் ஒரு சாராருக்குப் பல இரகங்கள் கலந்த புரோபயாட்டிக்கையும் கொடுத்துப் பார்த்தபோது, அதைப் பெற்றவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது, எதுவும் பெறாதவர்களைவிடத் தாமதமாயிற்று என்று 2018-இல் வைஸ்மான் நிறுவனத்தின் ஆய்வு தெரிவித்தது. பெரியவர்களிடம் செய்த சிறு ஆய்வு என்பதால் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மாதக்கணக்கில் கொடுத்தால் குடல் விரைவில் சீராகும் என்ற வாக்குறுதிக்கு அது துணை நிற்கவில்லை. மருந்து முடிந்த பின் தயிர், மோர், கேழ்வரகு, கம்பு, முளைகட்டிய பயறு, கீரை, வாழைக்காய், வாழைத்தண்டு என்று தட்டில் வகைகளைக் கூட்டுங்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள நார்ப்பொருளும் குடல் பாக்டீரியாக்களுக்கு உகந்தது. குழந்தை கீரையைத் துப்பினால் அடையில் அரைத்துச் சேர்ப்பது போன்ற தந்திரங்களில் உங்கள் மாமியார் எங்களைவிடத் தேர்ந்தவராக இருப்பார்.

கடைசிக் கேள்விதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாகப் பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கமே. வைரஸ் வகைகள் பல. ஒவ்வொன்றையும் முதன்முறையாகச் சந்தித்து எதிர்ப்பை உருவாக்கிக்கொள்கிறாள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. வைரஸின் மேல் அந்த மருந்துக்கு வேலையும் இல்லை. உங்கள் மகளின் குடல் பாக்டீரியாக்களைக் காக்க ஆகச் சிறந்த வழி, அடுத்த சளிக்கு மருத்துவரிடம் போகும்போது, இது பாக்டீரியாத் தொற்றுதானா, ஆன்டிபயாட்டிக் இல்லாமல் இரண்டு நாள் பார்க்கலாமா என்று தயங்காமல் கேட்பது. அவர் தேவை என்று சொன்னால் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். பாதியில் நிறுத்த வேண்டாம், மிச்சத்தை எடுத்துவைத்து அடுத்த முறை நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம்.

எடை ஏறாமல் நிற்பது, ஓராண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா வருவது, காதில் சீழ் திரும்பத் திரும்ப வருவது, வாயில் வெண்படலம் ஆறாமல் நீடிப்பது, குடும்பத்தில் யாருக்கேனும் பிறவி எதிர்ப்புக் குறைபாடு இருந்தது ஆகியவற்றில் ஏதேனும் உண்டா என்று எழுதுங்கள். உண்டு என்றால் பொடியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களின் அளவைப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மதுரை மலர்

அவற்றில் எதுவும் இல்லை ஐயா. எடையும் வயதுக்கு ஏற்றபடி ஏறிவருகிறது. உறையைப் பார்த்தேன். பாக்டீரியாவின் பெயர் இருக்கிறது. இரகத்தின் குறியீடு இல்லை. பிரிக்காத உறைகளைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.